மெரினாவில் முங்கலாமா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது எல்லாரும் சொல்ற சாக்கு, நானும் நிறைய தடவை சொல்லியிருக்கேன். இந்தக் கதையில நிஜமான காரணம் வேற. அம்மாவோட வலது கால் பெருவிரல்.

அம்மாவுக்கு இருபது வருஷமா சுகர். 2024 ஆனி மாசம் புதுச் செருப்பு கடிச்சு ஒரு சின்னப் புண். சின்னதுதான், ஆனா ஆறலை. டிரெஸ்ஸிங், மாத்திரை, மறுபடி டிரெஸ்ஸிங்னு போயிட்டிருக்கும்போது ஆடி அமாவாசை வந்துடுச்சு. ஆகஸ்ட் 4, ஞாயித்துக்கிழமை. அப்பா போனதுலேர்ந்து வருஷம் ரெண்டு தடவை, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும், நாங்க ரெண்டு பேரும் மெரினா போவோம். நான் தர்ப்பணம் பண்ணுவேன், அப்புறம் ரெண்டு பேரும் கடல்ல மூணு முங்கு. இதுல இதுவரைக்கும் விவாதமே கிடையாது.

"இந்தத் தடவை நீ வேணாம்மா. கால்ல புண்ணு. அந்தத் தண்ணி சாக்கடை."

"சாக்கடையாவது ஒண்ணாவது. உங்க தாத்தா திருவல்லிக்கேணியிலேர்ந்து நடந்து போய் தெனம் குளிச்ச கடல்டா அது. உப்புத் தண்ணி பட்டா புண்ணு சீக்கிரம் காயும்."

பதில் சொல்ல முடியலை. 'சாக்கடை'ன்னு சொன்னேனே தவிர, எனக்கு என்ன தெரியும்? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொன்னேன். சரி, பார்த்துடுவோம்னு ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சதுதான் இந்தப் பதிவு. ஆரம்பத்துலயே சொல்லிடறேன், நான் மருத்துவரும் இல்லை, கடல் விஞ்ஞானியும் இல்லை. வரலாற்றுக் கிறுக்கு மட்டும் உண்டு.

நம்ம ஆளுங்களுக்குக் கடல்ல குளிக்கிறது புதுசு இல்லை. சிலப்பதிகாரத்துல கடலாடு காதைன்னே ஒண்ணு இருக்கு, கோவலனும் மாதவியும் கடைசியா ஒண்ணா இருந்த நாள். பட்டினப்பாலையில இன்னும் சுவாரசியம். பூம்புகார் மக்கள் முதல்ல கடல்ல குளிச்சிட்டு, அப்புறம் நல்ல தண்ணியில குளிச்சு உடம்பைக் கழுவிக்கிறாங்க. கடல் தீவினையைப் போக்க, ஆறு உப்பழுக்கைப் போக்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஷவர் வசதி! அதே வரிசையை இன்னைக்கு மெரினாவுல செஞ்சா, கடல்ல குளிச்சிட்டு கூவத்துல கழுவணும். :-)

சிரிக்கிறதுக்காகச் சொன்னாலும் மேட்டர் அங்கதான் இருக்கு. மெரினாவோட தண்ணியைப் பத்திப் பேசணும்னா கூவத்தைப் பத்திப் பேசணும். கூவத்தைப் பத்திப் பேசணும்னா துறைமுகத்தைப் பத்திப் பேசணும்.

மதராஸ் கடல் ஒரு காலத்துல முரட்டுக் கடலாகத்தான் பேர் வாங்கியிருந்தது. இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவர மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காம கயிறால தைச்ச படகு அது. ஆணி அடிச்ச படகுன்னா அலை தூக்கிப் போடற போடுல பிளந்துடும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். கவர்னரா இருந்தாலும் சரி, கம்பெனி குமாஸ்தாவா இருந்தாலும் சரி, சென்னப்பட்டினத்துல முதல் அடி வைக்கும்போது தொப்பலா நனைஞ்சுதான் வைக்கணும். இப்ப இருக்கிற அகலமான மணல்வெளியும் அப்போ இல்லை. 1842ல ஐஸ் ஹவுஸ் கட்டினப்போ கடல் அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வர்ற பனிக்கட்டி கரையிறதுக்குள்ள உள்ளே தள்ளணும்னா பின்னே எங்க கட்டுவாங்க? இன்னைக்கு ஐஸ் ஹவுஸ் வாசல்ல நின்னு கடலைத் தொடணும்னா சுடுமணல்ல நல்ல நடை நடக்கணும். சில இடங்கள்ல மணல் 400 மீட்டருக்கும் மேல அகலம்.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது?

வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி 1875ல் துறைமுக வேலை ஆரம்பமானது. அடிக்கல் நாட்டியது அப்போது இந்தியா வந்திருந்த வேல்ஸ் இளவரசர். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினது மாதிரி அலைதடுப்புச் சுவர்கள். 1881ல் வேலை முடியும் தறுவாயில் நவம்பர் மாதப் புயல் வந்து பெரும்பகுதியைப் பிய்த்துப் போட்டுவிட்டது. விடாமல் திரும்பக் கட்டினார்கள். கட்டினவர்கள் அலையோடு போட்ட சண்டை எல்லாருக்கும் தெரியும். மணலோடு போட்ட சண்டைதான் இன்னும் முடியவில்லை.

நம்ம கரையோரத்தில் கடல் சும்மா முன்னும் பின்னும் ஆடுவதில்லை. கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் உண்டு. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் தெற்கிலிருந்து வடக்காக ஓடும். வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பும். சென்னை மீனவர்கள் முதலாவதைத் தெண்டி என்பார்கள், இரண்டாவதை வன்னி என்பார்கள். வருஷக் கணக்கு பார்த்தால் வடக்கே போகிற மணல்தான் அதிகம். அந்த மணல் போகிற பாதையில் குறுக்கே ஒரு சுவரை வைத்தால்? சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போகும், வடக்கே பட்டினி. தெற்கே சேர்ந்ததுதான் இன்றைய மெரினா. வடக்கே பட்டினி கிடந்தது ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம். அங்கே தெருத்தெருவாகக் கடல் தின்றது, கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. மெரினாவின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும் எழுதியிருக்கேன்) அது வடசென்னையிடமிருந்து வந்த மணல் என்பதை எழுதுவதில்லை.

கிராண்ட் டஃப் 1881லிருந்து 1886 வரை கவர்னர். புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த மணலை ஒட்டி 1884ல் நடைபாதை போட்டு, சிசிலியில் பார்த்த கடற்கரையின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்தார். அவர் நினைத்தது உலாவுவதற்கு. குளிப்பதற்கு இல்லை. பின்னாளில் மாநகராட்சி கடலுக்கு எதிரிலேயே ஒரு நீச்சல் குளம் கட்டியதே, அதிலிருந்தே தெரியவில்லையா? உலகத்தின் பெரிய கடற்கரைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் காசு வாங்கிக்கொண்டு தொட்டித் தண்ணீரில் நீந்தவிடுகிற ஊர் நம்முடையது.

இப்ப கூவம். அதே சுவர் செய்த இன்னொரு வேலை இது. துறைமுகத்துக்குத் தெற்கே சேர்கிற மணல், நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. மழைக்காலத்தைத் தவிர மற்ற நாட்களில் மணல்திட்டை உடைத்துக்கொண்டு வெளியே போகிற அளவுக்குக் கூவத்தில் தண்ணீர் வேகம் இல்லை. கடல் உள்ளே வந்து அலசிவிட்டுப் போவதும் குறைந்துவிட்டது. ஆக, மெரினாவும் கூவத்தின் நாற்றமும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

18ஆம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கோமளீஸ்வரன்பேட்டையில் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அதற்கப்புறம் ஊர் வளர்ந்தது, குழாய் வந்தது, குழாயில் வந்த தண்ணீர் வெளியே போகவும் வழி தேவைப்பட்டது. 1910ஐ ஒட்டி மேட்லி என்ற பொறியாளர் காலத்தில் (தி.நகர் மேட்லி சாலை அவர் பேர்தான்) நகரத்துக்கு முறையான பாதாளச் சாக்கடை திட்டமிட்டார்கள். அன்றைக்கு ஊரின் மக்கள்தொகை ஐந்தேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது வருஷம் தள்ளி யோசித்து, 1961ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 கணக்கெடுப்பில் வந்தது 17 லட்சத்துக்கும் மேல். மேட்லியைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவர் என்ன கிளி ஜோசியரா? ஆனால் மிச்சப் பத்து லட்சம் பேரின் கழிவுநீர் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் கூவமும் அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும்தான் பதில்.

அப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரிந்த கதை. 1970களின் தொடக்கத்தில் கூவத்தைச் சுத்தம் செய்து படகு விட்டார்கள், கொஞ்ச நாளில் படகு நின்றது. 1978ல் குடிநீர் வாரியம் வந்தது. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இருந்தாலும் மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேரும் கழிவும், நிரம்பி வழியும் குழாயும் இன்னும் ஆற்றுக்குத்தான் வருகின்றன. ஆற்றுக்கு வந்தது கடலுக்கு வரத்தான் செய்யும். 2019 நவம்பர் கடைசியில் பெரிய மழைக்குப் பிறகு மெரினா, பட்டினப்பாக்கம் கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி நின்றதே, ஞாபகம் இருக்கா? குழந்தைகளை அதுக்குள்ள நிக்கவெச்சு போட்டோ எடுத்தாங்க. ஊர்பூரா துணி துவைச்ச சோப்பும் சாக்கடையும்தான் அங்க பொங்கிச்சுன்னு சொல்லியும் யாரும் நகரலை.

சரி, சாக்கடை கலக்குது. கலந்தா என்ன ஆகும்? இதுல எனக்கு ஒரு ஆச்சரியம் இருந்தது. 'அசுத்தமான கடல்ல குளிச்சா நோய் வரும்'ங்கிறது நமக்குச் சாதாரணமாத் தோணுது இல்லையா? அதை நிரூபிக்க ரொம்ப காலம் ஆகியிருக்கு. 1959ல இங்கிலாந்துல ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு, கண்ணால பார்த்தாலே குமட்டுற அளவுக்கு அசிங்கமா இருந்தாலொழிய, சாக்கடை கலந்த கடல்ல குளிக்கிறதால பெரிசா ஆபத்து இல்லைன்னு அறிக்கை குடுத்தது. போலியோ பயம் உச்சத்துல இருந்த காலம் அது. அந்த அறிக்கையைக் காட்டியே பல வருஷம் கடலோர ஊர்கள் சாக்கடைக் குழாயைக் கடலுக்குள்ள விட்டுட்டு நிம்மதியா இருந்தன.

1970களில் அமெரிக்காவில் விக்டர் கபெல்லி என்பவர் வேறு வழியில் போனார். நியூயார்க் கடற்கரைகளுக்குப் போய், குளித்தவர்களையும் குளிக்காதவர்களையும் பட்டியல் எடுத்து, சில நாள் கழித்து விசாரித்தார். வாந்தியா, பேதியா, காய்ச்சலா? அன்றைய தண்ணீரையும் பரிசோதித்து வைத்திருந்தார். அதில் ஒரு விஷயம் தெரிந்தது. எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்த கோலிஃபார்ம் கிருமிகளைவிட, என்டரோகாக்கை என்ற இன்னொரு வகைதான் நோயோடு சரியாகப் பொருந்தியது. காரணம் எளிமையானது. கோலிஃபார்ம் உப்பிலும் வெயிலிலும் சீக்கிரம் செத்துவிடும். நோய் தரும் வைரஸ்கள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. போலீஸ் போயாச்சு என்பதால் திருடனும் போய்விட்டான் என்று நினைப்பது மாதிரி ஆகிவிடும். அந்த ஆராய்ச்சியை வைத்து 1986ல் அமெரிக்கா கடலுக்கு 100 மில்லிக்கு 35 என்டரோகாக்கை என்று சராசரி வரம்பு வைத்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது 1989லிருந்து 1992 வரை இங்கிலாந்தில் நான்கு கடற்கரைகளில் நடந்த சோதனை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி கரையில் நிற்க வேண்டும். மறு பாதி பத்து நிமிஷமாவது தண்ணீரில் இருக்க வேண்டும், மூன்று தடவை தலை முங்க வேண்டும். இதைப் படிச்சிட்டு அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "பாத்தியா, வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு மூணு முங்குன்னு"ன்னாங்க. :-) முங்கினவங்களுக்கு வயித்துக் கோளாறு கூடுதலா வந்ததையும், தண்ணியில கிருமி ஏற ஏற அது ஏறினதையும் சொன்னேன். அது காதுல விழலை.

உலக சுகாதார நிறுவனம் 2003ல் வெளியிட்ட வழிகாட்டிக்கு அந்தச் சோதனைதான் அடிப்படை. கடல்நீரில் 100 மில்லிக்கு என்டரோகாக்கை 40க்குள் அடங்கினால் ஒரு தடவை குளிக்கிறவருக்கு வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 500ஐத் தாண்டினால் நூற்றில் பத்துக்கும் மேலே. அதுவும் ஆரோக்கியமான பெரியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. எழுபது வயசு, சுகர், கால்ல புண்ணுன்னு இருக்கிறவங்க அந்தக் கணக்குலயே இல்லை. நம்ம நாட்டு விதியில் குளிக்கத்தக்க கடல் என்றால் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 100. எண் கையில் இருக்கிறது. வெளிநாட்டு ஊர்கள் பலவற்றில் இன்றைக்குக் காலையில் தண்ணீர் எப்படி என்று கடற்கரையிலேயே பலகையில் எழுதிப் போடுகிறார்கள். மெரினாவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். 'இங்கே குளிக்காதீர்கள், ஆழமான பகுதி' என்ற பலகையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பலகையும் பொய் இல்லை. கொசுவத்தி சுத்தறேன்னு நினைக்காதீங்க, காலேஜ் படிக்கும்போது எங்க மேன்ஷன்லேர்ந்து ஞாயித்துக்கிழமை ஆறு பேர் குளிக்கப் போனோம், அஞ்சு பேர் திரும்பி வந்தோம். அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும். கிணத்து நீச்சல். இடுப்பளவு தண்ணியில சிரிச்சிட்டு நின்னவன், அலை திரும்பிப் போகும்போது கால் பிடி நழுவி, நாங்க கை நீட்டறதுக்குள்ள தூரத்துல இருந்தான். மெரினாவுல கரை சட்டுனு சரியும். உடையற அலையோட தண்ணியெல்லாம் ஒரு இடத்துல சேர்ந்து வாய்க்கால் மாதிரி வேகமா உள்ள திரும்பும். அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தினா கை ஓய்ஞ்சுடும், பக்கவாட்டுல நீந்தி அதைவிட்டு விலகணும். இது எனக்குத் தெரிஞ்சது பல வருஷம் கழிச்சு. மறுநாள் சாயங்காலம் நொச்சிக்குப்பத்து அண்ணன் ஒருத்தர்தான் கட்டுமரத்துல போய் எடுத்துட்டு வந்தார். அவங்க அம்மா ஊர்லேர்ந்து வந்து எங்களை ஒரு வார்த்தை திட்டலை. இதுக்கு மேல இதை எழுத வரலை.

அம்மா விஷயத்துக்கு வர்றேன்.

படிச்சதையெல்லாம் கூட்டிக் கழிச்சு என்கிட்ட ஒரு வாதம் தயாரா இருந்தது. தை அமாவாசை சமயத்துல நீரோட்டம் வடக்கேர்ந்து தெற்கே. மழைக்காலம் முடிஞ்ச கையோட கூவத்து வாய் திறந்து இருக்க வாய்ப்பு அதிகம், வர்றது நேரா மெரினா மேலதான் வரும். ஆடியில நீரோட்டம் தெற்கேர்ந்து வடக்கே, கூவத்துத் தண்ணி துறைமுகத்துப் பக்கம் போயிடும். தெற்கே அடையாறு முகத்துவாரமும் கோடையில மணல் அடைச்சுக் கிடக்கும். அதனால ரெண்டுல ஆடி தேவலாம். "ஆடிக்குப் போகலாம், தைக்கு வேணாம்"னு பாதிக்குப் பாதி பேரம் பேசலாம்னு ஐடியா. பெரிய கண்டுபிடிப்பு பண்ணிட்ட மிதப்புல, டிரெஸ்ஸிங் மாத்தப் போனப்ப டாக்டரம்மாகிட்டயே இதைச் சொன்னேன்.

அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, "சாக்கடையே கலக்காத கடலா இருந்தாலும் இந்தக் காலை அதுல வைக்கக் கூடாது"ன்னாங்க.

வெதுவெதுப்பான கடல்நீரில் இயற்கையாகவே இருக்கிற சில கிருமிகள் உண்டாம். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று, காலராக் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆரோக்கியமான ஆளை அநேகமாக ஒன்றும் செய்யாது. சுகர், கல்லீரல் கோளாறு உள்ளவர்களின் திறந்த புண்ணில் புகுந்தால் அரிதாக, ஆனால் மிக வேகமாகச் சதையை அழுக வைத்துவிடும். காலை எடுக்கவேண்டி வரலாம், உயிருக்கும் ஆபத்து. உப்பு புண்ணை ஆற்றும் என்று நாம் நம்புகிற அதே உப்புத் தண்ணீர்தான் அதற்கு வீடு.

1875லேர்ந்து ஆரம்பிச்சு மேட்லி, கபெல்லின்னு ஒரு வாரம் கண்ணு முழிச்சுப் படிச்சதுக்கு டாக்டரம்மா ஒரே வரியில பூட்டு போட்டுட்டாங்க. 2021ல நீலக்கொடி வாங்கின கோவளத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வெச்சிருந்த இரண்டாவது பிளானும் அதோட அவுட்.

ஆகஸ்ட் 4. விடியக் காலை அஞ்சரைக்கு மெரினா. நல்ல கூட்டம். பிளாஸ்டிக் சேரை எடுத்துட்டுப் போய் ஈரமே படாத மணல்ல போட்டு அம்மாவை உக்கார வெச்சேன். காலுக்கு டிரெஸ்ஸிங் மேல பாலிதீன் கவர், அதுக்கு மேல சாக்ஸ். தர்ப்பணம் முடிஞ்சுது. அம்மா கடலையே பார்த்துட்டு இருந்தாங்க.

"நீ போடா. எனக்கும் சேத்து முங்கிட்டு வா."

எல்லாத்தையும் படிச்சிட்டு முங்கப் போறது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தண்ணி கலங்கலா இருந்தது. மணலா மத்ததான்னு பார்த்தா தெரியாது. முட்டிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் போய், வாயை இறுக்கி மூடிக்கிட்டு, குத்த வெச்சு மூணு முங்கு. அம்மாவுக்காக இன்னும் மூணு. அலை ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் குதிகாலுக்கடியில மணல் உருவிட்டுப் போறது தெரிஞ்சுது. அந்த உருவல் எனக்குப் பழக்கம், மேன்ஷன் காலத்துலேர்ந்து.

சொம்புல கொஞ்சம் மொண்டுக்கிட்டு வந்தேன். அம்மா கையில வாங்கி, சுத்தமா இருக்கான்னு பார்க்கவே இல்லை, தலையில தெளிச்சுக்கிட்டாங்க. கால்ல ஒரு சொட்டு விழாம நான் துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"அப்பாவுக்குப் போயிருக்கும்ல?"ன்னாங்க.

"போயிருக்கும்மா."

பின்னாடி போலீஸ்காரர் விசில் ஊதிட்டே இருந்தார். இடுப்பளவுல நின்ன நாலு பசங்க அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. சொம்பைக் கீழ வெச்சிட்டு நானும் கத்த ஆரம்பிச்சேன்.

டிஸ்கி: புண் ஆறிடுச்சு, மூணு மாசம் ஆச்சு. தை அமாவாசைக்கும் சேரும் சொம்பும்தான்.